சீட்டு எடுத்த கிளி

2024 ஏப்ரல். மக்களவைத் தேர்தல் நேரம். கடலூர் தொகுதியின் பா.ம.க. வேட்பாளர் தங்கர் பச்சான் கிளி ஜோசியம் பார்த்தார். கிளி சீட்டு எடுத்தது. வெற்றி உறுதி என்றார் ஜோசியர். காட்சி ஊரெல்லாம் ஓடியது. அவ்வளவுதான், வனத்துறை விழித்துக்கொண்டது. ஜோசியரைப் பிடித்தார்கள். கிளிகளைப் பறிமுதல் செய்தார்கள். பச்சைக்கிளி வளர்ப்பது குற்றமாம்.

குற்றம்தான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல். நம் நாட்டுப் பறவைகளைப் பிடித்து விற்கத் தடை விழுந்தே முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. அத்தனை ஆண்டும் கோயில் வாசலில், பஸ் ஸ்டாண்டில், கலெக்டர் ஆபீஸ் மரத்தடியில் இதே கிளி இதே சீட்டைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. எந்த ரேஞ்சரின் கண்ணிலும் படவில்லை. சீட்டு அரசியலானதும்தான் இறக்கை வெட்டப்பட்டிருப்பது தெரிந்தது! ஜூனில் வேட்பாளர் தோற்றார். கிளி சொன்னது பொய்யாயிற்று. துறையின் அக்கறை மட்டும் மெய் என்று நாம் நம்ப வேண்டும்.

இறக்கையைக் கத்தரித்து முழ நீளப் பெட்டியில் அடைப்பது கொடுமை. அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. 2022 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். போடட்டும். ஆனால் அதே பெட்டியைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். வலை கட்டுங்கள். பிளாஸ்டிக் அருவி வையுங்கள். வாசலில் டிக்கெட் கவுன்ட்டர் போடுங்கள். உள்ளே பச்சைக்கிளிக்குப் பதில் அமேசான் காட்டுப் பஞ்சவர்ணக்கிளி. இப்போது அது குற்றமல்ல, சுற்றுலா. ஆன்லைனில் படிவம் நிரப்பிப் பதிவு செய்தால் போதும். காட்டின் உச்சியில் மைல் கணக்கில் பறக்கும் பறவை உங்கள் தோளில் உட்கார்ந்து செல்ஃபிக்கு முகம் காட்டும். அதன் கொடுமையை அளக்க யாரும் கோல் எடுப்பதில்லை. வெளியூர்ப் பறவைக்கு வலிக்காது போலிருக்கிறது.

அரசே வழிகாட்டுகிறது. சென்னை கதீட்ரல் சாலையில் 46 கோடி ரூபாயில் ஒரு பூங்கா. 2024 அக்டோபரில் திறந்தார்கள். பூங்காவுக்குள் நுழைய ஒரு டிக்கெட். உள்ளே வெளிநாட்டுப் பறவையகம். அதற்குத் தனி டிக்கெட். மரத்தடி ஜோசியர் செய்த தப்பு இப்போது புரிகிறது. அவரிடம் ரிப்பன் இல்லை, கல்வெட்டு இல்லை, திறந்துவைக்க முதலமைச்சர் இல்லை.

அங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரம், டிராபிக் கருணை காட்டினால். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். பூநாரை வருகிறது. கூழைக்கடா வருகிறது. இமயத்துக்கு அப்பாலிருந்து ஊசிவால் வாத்து வருகிறது. யாரும் விமானத்தில் ஏற்றி அனுப்பவில்லை. தீவன டெண்டர் இல்லை, பராமரிப்பு ஒப்பந்தம் இல்லை. கமிஷனும் இல்லை. அங்கேதான் வந்தது வினை.

ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு நிலம். மிஞ்சியது பத்தில் ஒரு பங்கு. ஏழைகள் குடிசை போட்டு விழுங்கிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். பெருங்குடிக் குப்பைமேடு மாநகராட்சியுடையது. பறக்கும் ரயில் ரயில்வேயுடையது. கடல்சார் தொழில்நுட்பத்துக்கு ஒரு தேசிய நிறுவனம், காற்றாலைக்கு ஒரு தேசிய நிறுவனம், இரண்டும் மத்திய அரசுடையவை. கடலையும் காற்றையும் ஆராய இடம் கிடைத்தது சதுப்பு நிலத்தில்! மிச்சத்தை ஐ.டி. கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் பார்த்துக்கொண்டன. நெடுநாள் அரசு ஏட்டில் அதன் பெயரே தரிசு. தரிசைத் தின்றால் பாவமா?

மழை வந்தால்தான் ஏடு பொய்யென்று தெரியும். 2015 டிசம்பரில் வேளச்சேரிக்காரர்கள் படகில் படித்த பாடம் அது. படித்தவர்கள் மறந்தார்கள். படிக்க வேண்டியவர்கள் அன்றும் படகில் இல்லை.

2022இல் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் ஏறியது. உலகத் தரச் சதுப்பு நிலம் என்று நாமும் மார்தட்டினோம். அதே ஆண்டு ஏப்ரலில் பக்கத்துக் குப்பைமேடு பற்றி எரிந்தது. நாட்கணக்கில் புகைந்தது. சர்வதேச அங்கீகாரத்துக்கு உள்ளூர் சாம்பிராணி. அங்கே குப்பை கொட்டத் தொடங்கி நாற்பது ஆண்டு ஆகப்போகிறது. கழகங்கள் மாறின. லாரி மாறவில்லை.

கூண்டில் அடைத்த பறவைக்குக் கோடிகள். தானாக வந்த பறவைக்குக் குப்பை. கணக்கு எளிது. பறக்கிற பறவையிடம் டிக்கெட் வசூலிக்க முடியாது. அது இறங்கும் தண்ணீரைச் சதுர அடியில் விற்க முடியும்.

பூநாரைகளுக்கு ஒரு யோசனை. அடுத்த முறை சும்மா வராதீர்கள். பிரேசில் பாஸ்போர்ட்டோடு வாருங்கள். சரக்கு விமானத்தில், பெட்டியில் அடைத்து, சுங்க ரசீதோடு இறங்குங்கள். மாலை போட்டு வரவேற்று, குளிர்சாதன அறை கொடுத்து, கால்நடை மருத்துவரையும் நியமித்து விடுவார்கள். இறக்கையை மட்டும் வாசலில் ஒப்படைக்க வேண்டும். ரசீது தர மாட்டார்கள்.