பொன்விழா கண்ட மசோதாவுக்கு ஒரு வாழ்த்து

பெறுநர்:
மத்திய ஜல்சக்தி அமைச்சகம், புது தில்லி.

பொருள்: வெள்ளச் சமவெளி மண்டல மாதிரி மசோதா பொன்விழா கண்டமைக்கு வாழ்த்துத் தெரிவிப்பது தொடர்பாக.

ஐயா,

1975-ல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிவைத்த மசோதா ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. மணிப்பூர் 1978-லேயே அதைச் சட்டமாக்கிவிட்டது. பிற்பாடு ராஜஸ்தான், உத்தராகண்ட். எங்கள் தமிழ்நாடு இன்னும் ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டுச் செய்கிற காரியமா இது?

மருத்துவமனை நூறாண்டு வெள்ளமும் தொடாத மேட்டில், வீடுகள் 25 ஆண்டு வெள்ளத்துக்கு மேலே, அடிக்கடி மூழ்கும் பள்ளத்தில் பூங்காவும் விளையாட்டுத் திடலும் என்கிறது உங்கள் யோசனை. நாங்கள் சற்று மாற்றிச் செய்கிறோம். மசோதா வந்த மறு வருடமே, நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்தில் வள்ளுவர் கோட்டத்தைத் திறந்துவிட்டோம்.

எங்கள் கிருஷ்ணன்கோவில் பக்கம் அவ்வளவு பெரிய மனசு கிடையாது. திருமங்கலம்–கொல்லம் சாலையோரம் நாலு வண்ணக்கொடி, சுண்ணாம்படித்த கல், கல்லில் பிளாட் நம்பர், அவ்வளவுதான். மலையில் மழை பெய்தால் ஓடை இறங்கி வருகிற வழி அது. சித்திரையில் பார்த்தால் கருவேல முள்ளும் மணலுமாக, ஓடை என்றே சொல்ல முடியாது. கார்த்திகையில் பார்த்தால் பிளாட் என்று சொல்ல முடியாது. அடைபட்ட தண்ணீர் கண்ட பக்கம் புகுந்து, கண்மாய் மறுகாலோடு சேர்ந்து, கீழே நெல்வயலில் ஏறிப் படுத்துக்கொள்ளும்.

பயிர்க் காப்பீடு வேளாண் அமைச்சகத்தின் பொறுப்பு, எங்களைக் கேட்காதே என்பீர்கள். எனக்குத் தெரியும். தண்ணீருக்குத்தான் தெரியவில்லை.

விஏஓவிடம் அடங்கல் வாங்கி, இ-சேவை மையத்தில் நின்று, ராபி நெல்லுக்கு 1.5 சதவீதம் பிரீமியம் கட்டுகிறோம். வயல் வயலாகப் பார்த்து இழப்பீடு தரும் பிரிவிலிருந்து நெல் மூழ்குவதை 2018-ல் எடுத்துவிட்டார்கள். மூழ்கிய பயிரை மதிப்பிடுவது கஷ்டமாம், விவசாயி ஏமாற்றவும் கூடுமாம். மிச்சம் இருந்தது சராசரி மகசூல் கணக்குதான். மேட்டு வயல்காரர் நன்றாக அறுத்தால், பள்ளத்து வயல்காரரும் சராசரியில் அறுத்துவிடுவார். மனமிரங்கி, 2026 காரீப் முதல் நெல்லும் மூழ்கும் என்று ஒப்புக்கொள்வதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். 72 மணி நேரத்துக்குள் செயலியில் படம் ஏற்ற வேண்டும். கரண்ட் போய், டவர் போய், வயலுக்குப் போகும் வண்டிப்பாதையும் போன பிறகு, இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுக்கிற படத்தில் நெல் எப்படித் தெரியும்? தண்ணீர் மட்டும் தெரிந்தால் போதுமா?

அமெரிக்காவின் 1968 சட்டப்படி, பள்ளத்தில் கட்டுவதற்கு விதி போடுகிற ஊருக்குத்தான் அரசின் வெள்ளக் காப்பீடு. அங்கேயும் குளறுபடி உண்டு. ஆனாலும் இரண்டும் ஒரே கோப்பில் இருக்கின்றன. இங்கே ஓடையை மறித்தவருக்கு அப்ரூவல், மூழ்கினவருக்குச் செயலி.

ஆகவே, இடைக்கால ஏற்பாடாக ஓடைக்கும் ஒரு செயலி தந்து உதவுங்கள். எந்த பிளாட் வழியாக வரப்போகிறது என்பதை அது 72 மணி நேரம் முன்னதாகப் பதிவு செய்யட்டும். தவறினால் அதன் கோரிக்கையையும் தள்ளுபடி செய்துவிடலாம்.

மசோதா எங்கள் தமிழ்நாட்டில் எப்போதாவது சட்டமானால் நகல் ஒன்று அனுப்பவும். ஐப்பசிக்கு முன்னால் வந்தால் நல்லது. அதற்குப் பிறகு தபால்காரர் ஓடையைத் தாண்டி வருவதில்லை.

இப்படிக்கு,
மறுகாலுக்குக் கீழே பட்டா வைத்திருப்பவன்,
கிருஷ்ணன்கோவில்.