எட்டரை மணி ஐயர்

பாளையங்கோட்டையில் இரவு எட்டரை மணிக்கு, சீரியலில் மாமியார் வாயைத் திறக்கும் நேரத்தில் டிவி நின்றுபோனால் மின்வெட்டு என்று நினைத்துவிடக் கூடாது. நிறுத்தியவர் வீட்டுத் தகப்பனார். கையில் வேதாகமம், மூக்கு நுனியில் கண்ணாடி. "ஏல, எல்லாரும் வாங்க. ஜெபத்துக்கு நேரமாச்சு."

இவரைப் போன்றவர் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) குடும்பங்களில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. பகலெல்லாம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்ப்பார். இரவில் அரை மணி நேரம் அவரே சபை ஐயர், அதாவது போதகர். பயபக்தி இருக்கிற இடத்தில் பல் தெரியக் கூடாது என்பது அவருடைய கட்சி. ஆனால் அந்த வீட்டில் ஒரு நாளில் புழங்கும் சிரிப்பில் முக்கால்வாசி அந்த அரை மணியில்தான் விளைகிறது. விதைப்பவரும் அவரே.

முதலில் பாட்டு. அவர் எடுக்கும் சுருதிக்கு ஆச்சியைத் தவிர யாராலும் ஏற முடியாது. ஆச்சிக்குக் காது மந்தம். அடுத்து மனப்பாட வசனம், ஆளுக்கு ஒன்று. கடைக்குட்டி பல நாளாக யோவான் 11:35-ஐயே ஒப்பித்துக்கொண்டிருந்தான். இயேசு அழுததைச் சொல்லும் வசனம், மூன்றே சொல். "இனிமே அந்த வசனம் செல்லாது" என்று தடை வந்தது. மறுநாள் பயல் 1 தெசலோனிக்கேயர் 5:16-உடன் வந்து நின்றான். தமிழில் இரண்டே சொல். அதற்கும் மறுநாள் 5:17; அதுவும் இரண்டே சொல். ஒன்று சந்தோஷமாக இருக்கச் சொல்கிறது, மற்றது விடாமல் ஜெபிக்கச் சொல்கிறது. எதைத் தடைசெய்வார் மனிதர்?

வேதவாசிப்பில் ஆதியாகமம் 18 வந்த இரவுதான் உச்சம். தொண்ணூறை எட்டிப்பிடிக்கும் சாராள், தனக்குப் பிள்ளை பிறக்கும் என்று கூடார வாசலில் இருந்து கேட்டுச் சிரிக்கிறாள். ஏன் சிரித்தாய் என்றதும் சிரிக்கவில்லை என்று சாதிக்கிறாள். அந்த இடம் வரும்போது பாயின் ஓரத்தில் ஒரு 'க்ளுக்'.

"யாருல சிரிச்சது?"

"நான் சிரிக்கலப்பா." "நானும் இல்லப்பா."

தாம் வாசித்த வசனமே நடுவீட்டில் நடந்துகொண்டிருப்பது தகப்பனாருக்கு உறைக்கவில்லை. பத்தாம் வகுப்பு மகள் விடவில்லை. "முந்தின அதிகாரத்துல ஆபிரகாமும்தான விழுந்து சிரிச்சாரு. அவர ஒண்ணும் கேக்கலையேப்பா?" கேள்வி நியாயமானது, 17:17-இல் அப்படித்தான் இருக்கிறது. தகப்பனார் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "அத ஐயர்ட்ட கேப்போம்" என்றார்.

தூங்கி விழும் மூத்தவனுக்கு அவர் வைத்த பெயர் ஐத்திகு. துரோவாவில் பவுல் நள்ளிரவு வரை பேசிக்கொண்டே போக, ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து கீழே விழுந்த வாலிபன் அவன். மூத்தவன் அப்போஸ்தலர் 20-ஐத் தனியாக எடுத்துப் படித்துவிட்டு வந்தான். "அவன் உயிரோட இருக்கான்னு சொல்லிட்டு, பவுலு விடியுமட்டும் பேசிருக்காருப்பா. தப்பு யாரு மேல?"

பிறகு ஜெபம். கண்ணை மூடிவிட்டால் தகப்பனார் வீட்டு உளவுத்துறையின் தலைவர். "ஆண்டவரே, கணக்குப் பரீட்சைத் தாளை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிற மகனுக்குப் புத்தியைத் தாரும்." குட்டு உடைந்த சேதி மூத்தவனுக்கு அப்போதுதான் தெரியும், ஜன்னல் திறந்திருப்பதால் பக்கத்து வீட்டுக்கும் தெரியும். அம்மாவும் லேசுப்பட்டவர் அல்ல. தன் முறை வந்ததும், "மளிகைக்கடைப் பாக்கியை மறக்காமல் கொடுக்க வீட்டுத் தலைவருக்கு ஞாபகசக்தியைத் தந்தருளும்" என்று முடித்துக்கொள்வார். நேரில் சொன்னால் சண்டை. ஆண்டவர் வழியாகப் போனால் விண்ணப்பம். திருநெல்வேலிச் சீமையின் எத்தனையோ குடும்ப வழக்குகள் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டே தீர்ந்திருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை வேறு கூத்து. ஊசிக்கோபுரக் கோயில் மிஷனெரி இரேனியுஸ் காலத்தில், 1826-இல் எழும்பியது. இத்தனை காலமாகியும் இந்தக் குடும்பம் ஆராதனைக்கு முதல் மணிக்குப் போய்ச் சேர்ந்த சரித்திரம் இல்லை. ஒரு சாக்ஸைக் காணோம், காணிக்கைச் சில்லறையைக் காணோம், கடைசியில் தகப்பனாரின் கண்ணாடியையே காணோம். அது அவர் நெற்றியில் இருக்கும்.

இரவு ஜெபத்தில் வீட்டுக்கும் உறவுக்கும் ஜெபித்ததோடு தகப்பனார் நிற்க மாட்டார். இந்திய மிஷனெரி சங்கம் 1903-இல் பிறந்தது இந்தப் பாளையங்கோட்டையில்தான். இதே திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து தெலுங்கு நாட்டு டோர்ணக்கல்லுக்குப் போன அசரியா, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அந்தப் பெருமை தகப்பனாரின் ரத்தத்தில் ஓடுகிறது. அதனால் ஜெபம் தாமிரபரணியைத் தாண்டி, கிருஷ்ணாவைத் தாண்டி, பணித்தளம் பணித்தளமாக நடக்கும். அடுப்படியில் சட்னி காத்திருக்கும். ஆச்சி நடுவில் இரண்டு முறை 'ஆமென்' சொல்லிப் பார்ப்பார். மனிதர் பிடி கொடுக்க மாட்டார்.

ஒருநாள் கடைசி ஜெபம் கடைக்குட்டியின் முறை.

"ஆண்டவரே, அப்பா டோர்ணக்கல் போயிட்டு பத்திரமா வந்துட்டாங்க, ஸ்தோத்திரம். நாளைலருந்து அவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே எங்களுக்கு ஆளுக்கு ரெண்டு தோசை தாரும்."

காது மந்தமான ஆச்சியிடமிருந்துதான் 'ஆமென்' முதலில் வந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தகப்பனார் கண்ணைத் திறக்கவில்லை; தோள் மட்டும் குலுங்கியது.

"சரி, சரி, பரமண்டல ஜெபம் சொல்லுங்கல" என்றார். "வேகமா."