வலையை யார் தூக்குவது?

கேள்வி: ஏலூரில் தம்பி வீட்டுக்குப் பிள்ளைகளோடு போகிறோம். அதிகச் செலவில்லாமல் கொச்சியில் எதைக் காட்டலாம்? (திருச்சி வாசகி)

பதில்: ஏலூரிலிருந்தே தொடங்குங்கள், அதுவே பெரியாற்றுத் தீவு. 1940களில் அங்கே ஃபாக்ட் உர ஆலையை நிறுவியவர்கள் உங்கள் திருச்சிப் பக்கத்துச் சேஷசாயி சகோதரர்கள்தான். ஆகவே உரிமையோடு இறங்கலாம்! 2024 முதல் வாட்டர் மெட்ரோ ஏலூருக்கும் வருகிறது. சவுத் சிற்றூர், ஹைகோர்ட் என்று படகு மாறி மாறி ஃபோர்ட் கொச்சி வரை தண்ணீரிலேயே போங்கள். பிள்ளைகளுக்கு அதுவே பாதி சுற்றுலா.

கேள்வி: அரண்மனை என்றாலே என் மகன் ஓடுகிறானே?

பதில்: அந்தச் சொல்லையே எடுக்காதீர்கள். "படுக்கையறைச் சுவர் முழுக்க ராமாயணத்தை வரையவைத்த ராஜாவுக்குத் தூக்கம் எப்படி வந்திருக்கும்?" என்று கேளுங்கள், அவனே முன்னால் போவான். அந்தச் சுவர் இருக்கும் மட்டாஞ்சேரி அரண்மனையை 1555 வாக்கில் கட்டிக்கொடுத்தது போர்ச்சுகீசியர். பிறகு பழுது பார்த்த டச்சுக்காரர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அண்ணன் போட்ட கணக்குக்குத் தம்பி பாராட்டு வாங்கிய கதை! பக்கத்திலேயே 1568இல் கட்டிய யூதர் ஆலயம். தரையெல்லாம் கையால் வரைந்த நீலச் சீன ஓடுகள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பார்கள். "ஒரே மாதிரி இரண்டைக் கண்டுபிடி" என்று விட்டுவிட்டால் உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு. வெள்ளி, சனி வேண்டாம்: வெள்ளி அரண்மனை விடுமுறை, சனி ஆலயம் மூடியிருக்கும்.

கேள்வி: ஃபோர்ட் கொச்சிக் கரையில் மீன் பிடிக்கும் சீன வலையைப் பார்க்கக் கட்டணம் உண்டா?

பதில்: கரையில் நின்று பார்க்கக் காசு எதற்கு? ஒருவர் மரத்தில் ஏறி நடக்க, வலை நீரில் இறங்கும். கயிற்றில் வரிசையாய்த் தொங்கும் பாறாங்கற்களின் எடைதான் மேலே தூக்க உதவுகிறது. பள்ளியில் புரியாத நெம்புகோல் இங்கே புரியும். கயிறு இழுக்கக் கூப்பிட்டால் பிள்ளைகளை விடுங்கள். மீனவர் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த இடம் எது?

பதில்: ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்னும் பகுதியிலுள்ள தோபி கானா. தலைமுறைகளுக்கு முன், பட்டாளத்துத் துணி வெளுக்க வந்த தமிழர்களின் சந்ததியார் இன்றும் அங்கே கல்லில் அடித்துத் துவைக்கிறார்கள். முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகிக் காயப்போடுகிறார்கள், கிளிப்பே கிடையாது. கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைப் பிள்ளைகள் வேறெங்கே பார்க்கப்போகிறார்கள்? அது அவர்கள் உழைக்கும் இடம். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். தமிழிலேயே பேசுங்கள். சட்டை இரண்டைத் தேய்க்கக் கொடுங்கள், கூலியில் மட்டும் பேரம் வேண்டாம்.