முக்கால் குதிரை

பழைய மோட்டார் வண்டிகளின் சரித்திரத்தைப் பேசும் நூல்கள், மடியில் வைத்து வாசித்தால் கால் மரத்துப்போகும் கனமும், தொட்ட இடத்திலெல்லாம் விரல்ரேகை பதியும் வழவழப்பும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவை. கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியின் ஒற்றைச் சிலிண்டர் 954 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையதென்றும், அதன் பலம் ஏறக்குறைய முக்கால் குதிரைக்குச் சமானமென்றும் (எஞ்சிய கால் குதிரை எங்கே என்று கேட்பது அபசாரம்) சாங்கோபாங்கமாக வர்ணிக்கும் ஆசிரியர்களில் பலர், 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமலே இரு புதல்வர்களுடன் அத்தகைய வண்டியில் மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டு, அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்து, வீஸ்லோக் மருந்துக்கடையில் எரிபொருளாக லிக்ராயின் வாங்கி ஊற்றி, தேய்ந்த பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் வைத்துக்கொண்ட பென்ஸின் மனைவி பெர்த்தா அம்மையாரின் வைபவத்தை மட்டும், கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுப்பதைப் போல, வந்தோர்க்கு ஒரு புன்னகையுடன் வழங்கி அனுப்பிவிடுகிறார்கள். மேட்டில் இறங்கி வண்டியைத் தள்ளிய அந்தப் பிள்ளைகளின் சக்தியையும் என்ஜினின் கணக்கிலேயே வரவு வைத்துவிட்டார்கள் போலும்!