பருவப் பருவும் கூற்று மரபும்: ஓர் ஆய்வு

பதின்பருவத்தார் முகத்தில் தோன்றும் பருவை இதுகாறும் தோல் மருத்துவர்கள் மட்டுமே ஆராய்ந்துள்ளனர். இது பெருங்குறை. பருவைப் பற்றி மிகுதியாகப் பேசுவோர் அவர்கள் அல்லர். அகப்பாட்டில் யார் யார் பேசலாம் என்று இலக்கணம் வகுத்த மரபில், பரு குறித்துப் பேச உரிமையுடையோரை வகுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மூலபாடம். பூப்புப் பருவத்தில் இருபாலருக்கும் ஆண்ட்ரோஜன் சுரப்பு கூடுகிறது. அதனால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்துச் ‘சீபம்’ என்னும் எண்ணெய்ப்பசையை மிகுதியாகச் சுரக்கின்றன. சீபமும் உதிரும் தோல் செல்களும் மயிர்க்காலை அடைக்க, உள்ளே ‘க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ்’ என்னும் பாக்டீரியா பெருக, வீக்கம் பிறக்கிறது. இம்மூலத்தை யாரும் படிப்பதில்லை. உரைகளே வழக்கில் உள்ளன.

தலைவி கூற்று: “ஐயோ.” கண்ணாடி முன் நிகழ்வது. பாடபேதம் இல்லை.

தலைவன் கூற்று: அதுவே, குரல் உடைந்திருக்கும்.

தந்தை கூற்று: “எந்நேரமும் செல்போன்.” எல்லா நோய்க்கும் பொதுவான நூற்பா.

நற்றாய் கூற்று: “தலைக்கு எண்ணெய் வைக்காத சூடு.” ஆனால் தலையில் தடவும் பிசுபிசுப்பு நெற்றியில் இறங்கிப் பருவாவதை ‘பொமேட் ஆக்னி’ என்று 1970இலேயே மருத்துவ ஏடு பதிவு செய்துவிட்டது. தாய் அவ்வேட்டுக்குச் சந்தா கட்டவில்லை என்பது பெற்றாம்.

தோழி கூற்று விரிவாக ஆராயத்தக்கது. “டூத் பேஸ்ட் வை, காலையில போயிடும்” (தோழி, கணக்கு வகுப்பு, கடைசி பெஞ்ச்). இதில் இரு மரபுகள் உள. வெள்ளைப் பேஸ்டே பயன் தரும் என்பர் முதல் மரபினர். ஜெல்லும் அமையும் என்பர் பிற்காலத்தார் (தோழியின் அக்கா, விடுதி உரை, இரவல் வாங்கிய படி, நடுவில் இரு பக்கம் சிதைவு). பூச வேண்டிய அளவு கடுகா, பட்டாணியா என்பதில் இன்னும் உடன்பாடு எட்டப்படவில்லை. இதனினும் சிறிய சிக்கலுக்கு முனைவர் பட்டம் வழங்கிய துறைகள் நம் பல்கலைக்கழகங்களில் இல்லாமல் இல்லை. மறுநாள் காலை நிகழ்வது வேறு. பேஸ்டிலுள்ள மெந்தாலும் நுரைப்பொருளும் தோலை எரிச்சலூட்டும்; பரு போனாலும் கருந்தழும்பு தங்கும். மாநிறத் தோலில் அது மாதக்கணக்கில் நிற்கும்.

கண்டோர் கூற்று: “என்னடி, முகமெல்லாம் இப்படி? சாக்லேட்டை நிறுத்து” (பெரியத்தை, கல்யாணப் பந்தி உரை, இரண்டாம் வரிசை, சாம்பாருக்கு முன்; ரசத்துக்குப் பின், பக்கத்து இலைக்காரரின் அடிக்குறிப்புகளுடன் திருத்திய பதிப்பு). அத்தையை மறுக்க அறிஞர்கள் முயன்றதுண்டு. 1969இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வந்த ஆய்வு, 65 பேரை வைத்துச் சாக்லேட்டுக்கும் பருவுக்கும் தொடர்பில்லை என்றது. ஒப்பிடத் தந்த சாக்லேட் இல்லாத மிட்டாயிலும் ஏறக்குறைய அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்ததைப் பிறகுதான் மற்றவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அத்தை குறைந்தபட்சம் பந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார்.

மருந்துக்கடைக்காரர் கூற்று: “இந்த ட்யூப் போடுங்க தம்பி, மூணே நாள்.” இங்கே நகைச்சுவை இல்லை. அந்த ட்யூபில் பல வேளைகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் வாரம் முகம் பளிச்சிடும், தொடர்ந்தால் தோல் மெலிந்து சிவந்து, பரு முன்னிலும் மிகும், நிறுத்தினால் எரியும். 2018இல் மத்திய அரசு இத்தகைய கிரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. கல்லாப்பெட்டிக்கு அச்செய்தி இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

தோல் மருத்துவர் கூற்று எந்தச் சுவடியிலும் கிடைத்திலது. அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்: மென்மையான சோப்பால் தினம் இருமுறை முகம் கழுவு, நகத்தால் கிள்ளாதே, 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடே பலருக்குப் போதும், வலிக்கும் கட்டிகள் வந்தால் தாமதிக்காமல் வா. பரு மருந்து பலன் காட்டப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்குள் ஆகாது.