பின்காவலர் முன்னே வரலாமா?

கேள்வி: இந்தியக் கால்பந்து அணியில் கோல் போட ஆளில்லாவிட்டால், பின்காவலர் ஒருவரை முன்னணிக்கு அனுப்புவது தகுமா? எங்கள் ஊர்க் கடற்கரைப் பிள்ளைகளிடையே தீராத விவாதம் இது. (வாசகர், தொண்டி)

பதில்: காற்றுத் திரும்பினால் பாயைத் திருப்பிக் கட்டத் தயங்காத கடலோடிகளின் ஊரிலிருந்தா இந்தச் சந்தேகம்? 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், தாய்லாந்துடன் ஆடுகையில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்ட பின்காவலர் ஜர்னைல் சிங்கை, விலக்கிவைக்கவும் மனமின்றி, பழைய ஸ்தானத்தில் நிறுத்தவும் துணியாமல், முன்னணியின் மத்தியிலே ஆடவிட்டார் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். தலைக்கட்டோடு ஆடிய அந்த வீரர், அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோலும், இறுதியில் தென் கொரியாவுக்கு எதிராக ஒரு கோலும் போட்டார். அதே இறுதியாட்டத்தில், ஜுரத்தால் வாடியிருந்த பீட்டர் தங்கராஜைக் கோல் காக்க நிறுத்தியதும் ரஹீமின் தீர்க்கதரிசனமே. 2–1 என்று தங்கம் நமக்கு.

ஆயினும் ஆபத்துக்குச் செய்த உபாயத்தை நித்திய வழக்கமாக்கலாகாது. கோல் போட ஆளின்றி, ஓய்வு பெற்ற முன்னணி வீரர் சுனில் சேத்ரியை 40 வயதில், 2025 மார்ச்சில், மீண்டும் அழைக்க நேர்ந்ததன் காரணம் பயிற்சியாளரின் வியூகத்தில் இல்லை. நம் கிளப்புகள் முன்னணி ஸ்தானத்தை அந்நிய நாட்டு வீரர்களுக்கே பெரும்பாலும் ஒப்படைத்துவிடுவதில் இருக்கிறது. அந்த இடத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஜர்னைல்கள் பின்னாலேயே நிற்கட்டும்.