‘அல்லது’வின் செலவு யாருடையது? விழுப்புரம் வட்டாரச் சான்றுகளுடன் ஓர் ஆய்வு

தர்க்கத்தில் ‘அல்லது’வுக்கு நான்கே நிலைகள். இரண்டு கூற்றும் பொய்யானால் மொத்தமும் பொய். முதலாவது மட்டுமோ இரண்டாவது மட்டுமோ மெய்யானால் மொத்தமும் மெய். இந்த மூன்றில் யாருக்கும் தகராறு இல்லை. இரண்டுமே மெய்யானால் என்ன என்கிற நான்காவதில்தான் அறிஞர் உலகம் இரண்டு கட்சியாகக் கிடக்கிறது. அதுவும் மெய்யே என்பது ‘உள்ளடக்கும் அல்லது’ கட்சி. கணினிக்காரர்கள் வெறுமனே ‘ஆர்’ என்றால் இதுதான். ஒன்றைத் தொட்டவன் மற்றதைத் தொடக்கூடாது என்பது ‘விலக்கும் அல்லது’ கட்சி. இரு தரப்பும் சான்று தேடித் திண்டிவனம் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை. வந்திருந்தால், நான்காவது நிலையைத் தீர்மானிப்பது தர்க்கம் அல்ல, இரண்டாவதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பதே என்று கண்டிருப்பார்கள். சொல்கிறவர் தலையில் விழுந்தால் அது விலக்கும். கேட்கிறவர் தலையில் விழுந்தால் சத்தமில்லாமல் ‘இரண்டும்’ என்று ஆகிவிடும். யார் தலையிலும் விழாவிட்டால் தாராளமாக உள்ளடக்கும். இதுவே இக்கட்டுரையின் துணிபு.

முதல் சான்று சாப்பாட்டுக் கடை. அளவுச் சாப்பாட்டுக்கு ‘வடை அல்லது அப்பளம்’ என்று பலகையில் எழுதியிருக்கிறது. இலையில் வடை விழுந்த பிறகு அப்பளத்துக்குக் கை நீட்டினால், “ஏதாவது ஒண்ணுதாங்க” என்று பரிமாறுபவர் தட்டை உயர்த்திக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார். அவர் எந்தத் தர்க்க நூலும் படித்தவரில்லை. ஆனால் விலக்கும் ‘அல்லது’வை இத்தனை சுருக்கமாக எந்த நூலும் விளக்கியதில்லை. அதே ஊரில் விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘ஆதார் அட்டை அல்லது குடும்ப அட்டை நகல் இணைக்கவும்’ என்று அச்சிட்டிருக்கும். ஒன்றை மட்டும் நீட்டுகிறவரிடம், “எதுக்கும் ரெண்டையும் வச்சிடுங்க” என்பார்கள். ஜெராக்ஸ் காசு சொல்கிறவருடையது அல்லவே. கல்யாணப் பேச்சில் “நகையா போடுங்க, இல்ல ரொக்கமா செய்ங்க, உங்க இஷ்டம்” என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வதும் இந்த வகைதான். 1961-லிருந்து வரதட்சணையைத் தடைசெய்யும் சட்டம் இருக்கிறது. அந்த ‘இல்ல’ என்கிற சொல் இரண்டையும் குறிக்கும் என்பதைப் பெண்ணைப் பெற்றவர்கள் அதற்கும் முன்பிருந்தே அறிவார்கள்.

யாருக்கும் செலவில்லாத மூன்றாம் வகைக்குப் பேருந்தில் ஏறவேண்டும். திண்டிவனத்தைத் தாண்டியதும் நடத்துநர், “சில்லறை குடு, இல்ல இறங்கு” என்கிறார். பயணி சில்லறையும் கொடுத்து, கூட்டேரிப்பட்டில் இறங்கவும் செய்கிறார். இரண்டும் நடந்துவிட்டதே என்று எந்த நடத்துநரும் சண்டைக்கு வருவதில்லை, விசில் ஊதி வண்டியைக் கிளப்புகிறார். ரயிலிலும் இதே கதை. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகவோ கும்பகோணம் வழியாகவோ திருச்சிக்கு ரயில் உண்டு என்றால், இரண்டு வழியும் உண்டு என்பதால் அந்தக் கூற்று பொய்யாகிவிடாது. கும்பகோணம் வழியில் வரும் மயிலாடுதுறைப் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2010-இல் திறக்கப்படும்வரை சில ஆண்டுகள் மூடிக்கிடந்தது. அப்போதும் விருத்தாசலம் வழி ஒன்றே அந்த ‘அல்லது’வைத் தாங்கி நின்றது.

இதற்கு எழும் முதல் மறுப்பு, சென்னையிலிருந்து பாண்டிக்குப் போகும் பேருந்தைப் பற்றியது. ஈசிஆர் அல்லது பைபாஸ் என்றால் ஒன்றில்தானே போகமுடியும், இதில் செலவு எங்கே வந்தது என்பார்கள். ஒரே உடம்பு ஒரே நேரத்தில் மரக்காணத்திலும் திண்டிவனத்திலும் இருக்கமுடியாது என்பது உடம்பின் குறை; அந்தப் பழியை ‘அல்லது’மேல் போடுவது நியாயமில்லை. கணவர் பைபாஸிலும் மனைவி ஈசிஆரிலும் போனால் ‘அல்லது’ ஒரு ஆட்சேபமும் சொல்லாது. (எந்த வழியில் போனாலும் விழுப்புரம் மாவட்டத்தைத் தொடாமல் பாண்டி போய்ச்சேர முடியாது என்பதை இம்மாவட்டத்தார் சார்பில் இங்கே பதிவு செய்வது கடமை.) இரண்டாவது மறுப்பு, எல்லாம் இடம் பொருள் ஏவல் சார்ந்தது, இதற்கு ஒரு கோட்பாடு எதற்கு என்பது. இடம் பொருள் ஏவல் என்றால் எதையும் விளக்கிவிடலாம், அதனாலேயே அது எதையும் விளக்குவதில்லை. வடைக் கடையில் அந்த இடமும் பொருளும் என்ன செய்கின்றன என்று தேடிப் போனால் கடைசியில் கல்லாப்பெட்டியில்தான் முட்டிக்கொள்கிறோம்.

கனமான மறுப்பு தர்க்க வல்லுநர்களுடையது: பேச்சுவழக்கு எப்படியும் போகட்டும், தூய கணிதத்தில் செலவு ஏது? ஜார்ஜ் பூல் 1854-இல் வெளியிட்ட நூலைப் பார்த்தால் தெரியும். இரண்டு வகுப்புகளைக் கூட்டவேண்டுமானால் அவற்றுக்குள் பொதுவான ஆள் இருக்கக்கூடாது என்று அவர் நிபந்தனை போட்டார். பொதுவான ஒருவர் இருந்தால் இரண்டு முறை எண்ணப்பட்டு 2 என்று வந்துவிடும். அவருடைய வகுப்புக் கணக்கிலோ 0, 1 இரண்டுக்கு மட்டுமே இடம். நான்காவது நிலையின் நஷ்டம் பூலின் சமன்பாட்டின் தலையில் விழுந்தது, ஆகவே அவருடைய கூட்டல் விலக்கியது. ஒன்றையே இரண்டு முறை கூட்டினாலும் அது அதுவேதான் என்று 1864-இல் எழுதிய ஸ்டான்லி ஜெவன்ஸ் அந்த நஷ்டத்தை ஒரே வரியில் தள்ளுபடி செய்தார். பூல் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. வடை வைத்த இலையில் அப்பளத்தையும் வைக்கச் சொன்னால் கடைக்காரர் மட்டும் ஏற்பாரா?

எஞ்சியிருப்பது டெண்டர் அறிவிப்புகளிலும் ஒப்பந்தப் பத்திரங்களிலும் வரும் ‘மற்றும்/அல்லது’. வடிவத்தில் இது தனி இனம்போல் தோன்றினாலும் இதே கோட்பாட்டுக்குள் அடங்கிவிடும்: எழுதும் நேரத்தில் செலவு யாருடையது என்று முடிவாகவில்லை, கையெழுத்து விழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தச் சாய்கோட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.